சாலையில் 2,400 ஜூல், வீட்டில் 13 லட்சம் ஜூல்

“லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம்.” மின்சைக்கிள் விற்கும் கடைகளில் விலைக்கு முன்பே காதில் விழுவது இந்த மூன்று ‘வேண்டாம்’கள்தான். ஹைதராபாத்தில் கச்சிபௌலிக்கும் ஹைடெக் சிட்டிக்கும் தினம் நெரிசலில் ஊர்ந்து போகிறவர்களுக்கு இது தேனாக இனிக்கும். பத்தாவது படிக்கும் பிள்ளை ட்யூஷனுக்குப் போய்வர ஒரு வண்டி தேடும் பெற்றோருக்கு இன்னும் இனிக்கும். கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனை இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும்: 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், பேட்டரியால் ஓடும் வாகனம் எது என்று விளக்கும் 2(யு) விதியில் இந்த எண்கள் வருகின்றன. மோட்டாரின் ‘முப்பது நிமிடத் திறன்’ 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வண்டியின் உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. மிதித்தால் மோட்டார் துணைக்கு வரும் சைக்கிள்களுக்குத் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. வேகம் கூடக்கூட மோட்டாரின் உதவி படிப்படியாகக் குறைந்து, 25 கிலோமீட்டரை எட்டும்போது முற்றிலும் நின்றுவிட வேண்டும். ஓட்டுகிறவர் மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். தகுந்த பிரேக்கும், முன்னால் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டரும், பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும் கட்டாயம்.

பலர் கவனிக்காமல் விடும் வரி ஒன்றும் அதே விதியில் உள்ளது. இந்த நிபந்தனைகளை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்றளித்திருக்க வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. வாகன ஆராய்ச்சி நிறுவனம், சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்றவை அப்படி அங்கீகாரம் பெற்றவை. ஆக, மோட்டாரின் மேல் ‘250 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது சட்டத்துக்குப் போதாது. அந்த மாடலுக்குச் சோதனைச் சான்று இருந்தால்தான் விலக்கு செல்லும்.

இந்த 250-ம் 25-ம் யாரோ மேசையில் உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்ட எண்கள் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு இருப்பது தெரியும். 75 கிலோ ஆள், 25 கிலோ சைக்கிள், மொத்தம் 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றைத் தள்ளுவதற்கு ஏறத்தாழ 100 வாட், டயர் உருளும் தடையை வெல்ல 50 வாட் சொச்சம், மொத்தம் சுமார் 155 வாட் தேவை. வேகத்தை 45-க்கு உயர்த்தினால் டயருக்கான செலவு இரட்டிப்புக்கும் குறைவாகவே ஏறும். காற்றுக்கான செலவோ 586 வாட்டுக்குத் தாவிவிடும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதே காரணம். மொத்தத் தேவை இப்போது 680 வாட்டைத் தாண்டுகிறது. சாதாரண உடல்வாகு உள்ளவர் நிதானமாக மிதித்தால் தொடர்ந்து தரக்கூடியது 100 வாட் அளவுதான். அதனோடு 250 வாட்டைச் சேர்த்தாலும் அந்த வேகம் எட்டாது. திறனுக்கு வரம்பு வைத்தால் சமதளத்து வேகத்துக்கும் ஒரு கடிவாளம் விழுந்துவிடுகிறது. இறக்கத்தில் வண்டி தானாக 30-ஐத் தொட்டால் அது குற்றமில்லை. அங்கே மோட்டார் ஒதுங்கியிருந்தால் போதும்.

‘முப்பது நிமிடத் திறன்’ என்பது என்ன? மோட்டாருக்கு உண்மையான எல்லை வெப்பம்தான். கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம் இரட்டித்தால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகிறது. 250 வாட் என்று பெயர் பெற்ற மோட்டார் சில நொடிகளுக்கு அதைவிட அதிகம் தரும். சிக்னலில் இருந்து கிளம்பும்போது அது தேவையும்கூட. அரை மணி நேரம் விடாமல், சூடேறிக் கெட்டுப்போகாமல் எவ்வளவு தர முடியும் என்பதைத்தான் சட்டம் அளக்கிறது.

ஹைதராபாத்வாசிகளுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தக்காணப் பீடபூமியின் கருங்கல் குன்றுகள் மேல் எழுந்த ஊர் இது. பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் ஏற்றங்களில் 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் ஒரு சரிவை எடுத்துக்கொண்டால், அதே 100 கிலோவை 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற மொத்தம் சுமார் 260 வாட் வேண்டும். மிதிக்காமல் மோட்டாரை மட்டும் நம்பி ஏறினால் அது எல்லையில் நின்று தவிக்கும். மே மாத வெயிலில் இன்னும் மோசம். ஏற்றத்தில் கூடவே மிதிப்பவர் மோட்டாரின் ஆயுளையும் கூட்டுகிறார், பேட்டரி தரும் தூரத்தையும் கூட்டுகிறார்.

மின்சைக்கிளின் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. சக்கரத்தின் மையத்திலேயே மோட்டாரைப் பொருத்தும் யோசனைக்கு ஆக்டன் போல்ட்டன் என்பவர் 1895 டிசம்பர் 31 அன்றே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். இலேசான பேட்டரி இல்லாததால் அது தூங்கிக் கிடந்தது. மிதிக்கும் விசையை உணர்ந்து உதவும் சைக்கிளை 1993-இல் ஜப்பானின் யமஹா சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்றே கோடு கிழித்திருக்கிறது. ஆனால் அங்கே மிதித்தால்தான் மோட்டார் ஓடும். 45 கிலோமீட்டர் வரை உதவும் சைக்கிள்கள் தனி வகை. அவற்றுக்கு நம்பர் பிளேட் உண்டு. சீனாவில் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தரவிதி 25 கிலோமீட்டரோடு 400 வாட், 55 கிலோ எடை என்ற வரம்புகளையும் வைத்தது. திறனில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. வேகத்தில் மட்டும் இந்தியா, ஐரோப்பா, சீனா மூன்றும் 25-இல் வந்து நிற்கின்றன.

அதற்குக் காரணம் பிரேக் பிடிக்கும்போது புரியும். நம் 100 கிலோ 25 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 2,400 ஜூல். 45 கிலோமீட்டரில் அது 7,800 ஜூல். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆற்றல் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. எதிரே ஒரு குழந்தை ஓடிவருவதைப் பார்த்து பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகிறது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது என்றே கொள்வோம். 25-இல் வண்டி நிற்க ஏறக்குறைய 13 மீட்டர் வேண்டும், 45-இல் 32 மீட்டர். மழைக்காலத்துச் சாலையில் இரண்டும் நீளும். சைக்கிளுக்கென்று செய்த ஃப்ரேம், ஃபோர்க், டயர், பிரேக் எல்லாம் முதல் எண்ணை மனத்தில் வைத்துச் செய்தவை.

ஹெல்மெட்டும் அப்படித்தான். சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரச் சோதனையில் அதைத் தட்டையான இரும்பின் மேல் நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோத விடுகிறார்கள். சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை இருக்கும் உயரத்தில் இருந்து, விழும் வேகம் அது. மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு மோட்டார் சைக்கிளுக்கே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. விலக்குப் பெற்ற மின்சைக்கிளுக்கு அது பொருந்தாது. ஆனால் தலைக்கும் தரைக்கும் இடையே உள்ள ஒன்றரை மீட்டருக்கு எந்த விலக்கும் இல்லை. 25 கிலோமீட்டரில் ஓட்டுகிறவருக்கு நல்ல சைக்கிள் ஹெல்மெட் குறைந்தபட்சத் தேவை. ஆக்ஸிலேட்டரைத் திருகி ஓட்டும் வண்டியானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற இருசக்கர வாகன ஹெல்மெட்டே நல்லது.

இன்னொரு ஆபத்து மற்றவர்களின் கணிப்பில் இருந்து வருகிறது. இடதுபக்கம் திரும்பப்போகும் கார்க்காரர் கண்ணாடியில் ஒரு சைக்கிளைப் பார்க்கிறார். சைக்கிள் என்றால் மெதுவாகத்தான் வரும் என்று திருப்பிவிடுகிறார். அது இரு மடங்கு வேகத்தில் ஓசையே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிறது. பெல், பகலிலும் எரியும் முன்விளக்கு, பளிச்சென்ற சட்டை மூன்றும் இதற்காகத்தான். வண்டி வாங்கும்போது பிரேக் லீவரையும் சோதித்துப் பாருங்கள். நல்ல மின்சைக்கிளில் லீவரைத் தொட்ட உடனே உள்ளே இருக்கும் ஸ்விட்ச் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுழலவிட்டு லீவரை இலேசாக அழுத்தினால் இது தெரிந்துவிடும்.

சிக்கல் தொடங்குவது வாங்கிய மறுமாதம். “இதுல ஸ்பீடு லாக் இருக்கு சார், எடுத்துவிட்டா நாற்பது போகும்” என்று சொல்ல ஆள் கிடைப்பார். ஆன்லைனில் 500 வாட், 1,000 வாட் கிட் வாங்கிப் பழைய சைக்கிளில் மாட்டித்தரவும் ஆள் உண்டு. லாக்கை எடுத்த நொடியில் சட்டத்தின் கண்ணில் அந்தச் சைக்கிள் மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பதிவு இல்லாத, காப்பீடு இல்லாத, ஒருவேளை லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும் மோட்டார் வாகனம். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி பதிவில்லாமல் ஓட்டினால் முதல்முறை 5,000 ரூபாய் வரை, லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000, காப்பீடு இல்லாவிட்டால் 2,000 என்று அபராதம் உண்டு. இடத்திலேயே வசூலிக்கும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விதிக்குப் புறம்பாக வாகனத்தை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது.

அபராதம் கட்டித் தீர்ந்துவிடும். விபத்து அப்படித் தீராது. பதிவான ஸ்கூட்டர் ஒருவரை இடித்தால் மூன்றாம் நபர் காப்பீட்டில் இருந்து இழப்பீடு போகும். லாக் எடுத்த சைக்கிள் இடித்தால், இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை ஓட்டியவரும் உரிமையாளரும் கைக்காசில் இருந்துதான் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும். ஓட்டியது பதினைந்து வயதுப் பையன் என்றால் 199ஏ பிரிவும் சேர்ந்துகொள்ளும். பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

இத்தனைக்கும், வேகமான மின்வண்டிதான் வேண்டும் என்பவருக்குத் தெலங்கானாவில் நேர்வழியே மலிவு. 2024 நவம்பர் 18 முதல், 2026 டிசம்பர் 31 வரை மின்வாகனங்களுக்குச் சாலை வரியும் பதிவுக் கட்டணமும் முழுக்கத் தள்ளுபடி என்று மாநில அரசு ஆணையிட்டிருக்கிறது. பச்சை நம்பர் பிளேட்டும் ஆர்.சி. புக்கும் உள்ள ஸ்கூட்டருக்கு மிஞ்சும் செலவு காப்பீடு மட்டும்தான். அந்தச் செலவுக்குப் பயந்து சைக்கிளின் லாக்கை எடுப்பது கட்டுப்படியாகாத பேரம்.

எங்கே ஓட்டலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெஹதிப்பட்டணத்தில் இருந்து ஆராம்கர் பக்கம் போகும் 11.6 கிலோமீட்டர் பி.வி. நரசிம்மராவ் மேம்பாலத்திலும், ஊரைச் சுற்றி ஓடும் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் அதிவேகத் தடத்திலும் இருசக்கர வண்டிகளுக்கு இடமில்லை. நம்பர் பிளேட் இல்லை, அதனால் தடையும் இல்லை என்று வாதாட முடியாது. மறுபக்கம், அந்த வெளிவட்டச் சாலையை ஒட்டியே 2023 அக்டோபர் 1 அன்று 23 கிலோமீட்டர் நீள சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. நார்சிங்கியில் இருந்து கொல்லூர் வரையும், நானக்ராம்குடாவில் இருந்து போலீஸ் அகாடமி வரையுமாகப் போகும் அந்தப் பாதைக்குக் கூரையே 16 மெகாவாட் சூரியத் தகடுகள்தான். வெயில் ஊரில் நிழலும் மின்சாரமும் ஒருசேரக் கிடைக்கும் ஏற்பாடு. புது வண்டியின் பிரேக்கையும் இழுவையையும் பழகிக்கொள்ள இதைவிடப் பத்திரமான இடம் இந்த ஊரில் கிடைப்பது அரிது. ஆனால் நடப்பவரும் மெதுவாக மிதிப்பவரும் வரும் இடம், வேகப்பந்தயத்துக்கு அல்ல.

இதுவரை பேசியது 2,400 ஜூலைப் பற்றி. அதைவிடப் பெரிய ஆற்றல், வண்டியை நிறுத்தி வீட்டுக்குள் நுழையும்போது நம்மோடு உள்ளே வருகிறது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாக சார்ஜ் ஆனால் அதில் இருப்பது 360 வாட்-மணி. ஜூலில் சொன்னால் ஏறத்தாழ 13 லட்சம். சாலையில் ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலைப் போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். சட்டமும் போலீசும் சாலையில் ஓடும் சிறிய ஆற்றலைக் கண்காணிக்கலாம். சோபாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும் பெரியதைக் கவனிக்க வீட்டுக்காரரை விட்டால் ஆளில்லை.

2022-ஆம் ஆண்டை இதற்காகவே நினைவில் வைக்க வேண்டும். அந்த மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். ஏப்ரலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், ஸ்கூட்டரில் இருந்து கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் செய்த பேட்டரி வெடித்து ஒரு முதியவர் உயிரிழந்தார். செப்டம்பர் 12 இரவு செகந்திராபாத்தில், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அருகில் உள்ள ஒரு கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இருந்த மின்ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பற்றியது. மாடிகளில் தங்கும் விடுதி. புகை படிக்கட்டு வழியே மேலேறியது, எட்டுப் பேர் மாண்டார்கள். இவை சைக்கிள்கள் இல்லை, ஸ்கூட்டர்கள். ஆனால் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் வேதியியல் ஒன்றுதான்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது? நேர்மின்முனைக்கும் எதிர்மின்முனைக்கும் நடுவே முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று இருக்கிறது. அளவுக்கு மீறி சார்ஜ் செய்தாலோ, அடிபட்டாலோ, தண்ணீர் புகுந்தாலோ உள்ளே ஷார்ட் ஆகி சூடு பிறக்கிறது. 90 டிகிரியை ஒட்டி எதிர்மின்முனையின் பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. அந்தச் சிதைவே மேலும் சூட்டைத் தருகிறது. 130 டிகிரி வாக்கில் பிளாஸ்டிக் தடுப்பு உருகுகிறது. 200 டிகிரி வட்டாரத்தில், நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகையாக இருந்தால், நேர்மின்முனையே ஆக்சிஜனை விடுவிக்கிறது. தீக்கு வேண்டிய காற்று உள்ளிருந்தே வருவதால் போர்வை போட்டு மூடினாலும் அணையாது. ஒரு செல் பற்றினால் பக்கத்துச் செல், பிறகு அதற்குப் பக்கத்துச் செல் என்று பட்டாசுச் சரம் போல ஓடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை இதைவிட நிதானமானது. எடை கூடினாலும் வீட்டுக்குள் வைக்க அதுவே மேல்.

2022-இன் முற்பகுதியில் நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஹைதராபாத்தில் இயங்கும் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் டாடா நரசிங்க ராவ். குழுவின் பரிந்துரைப்படி, பதிவு செய்யப்படும் மின்வண்டிகளின் பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்.-156 தரவிதி இறுக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரிகளால் 268 தீவிபத்துகள், 18 மரணங்கள். அங்கே தரச்சான்று இல்லாத மின்சைக்கிளை விற்பதே அந்த ஆண்டு செப்டம்பரில் இருந்து தடைசெய்யப்பட்டது.

நம் கையில் இருப்பது சார்ஜரின் முதுகில் ஒட்டிய சின்ன லேபிள். நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகையானால், 36 வோல்ட் பேட்டரிக்குள் வரிசையாக 10 செல்கள். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டில் நிறையும் என்பதால் சார்ஜரில் 42 வோல்ட் என்று இருக்க வேண்டும். 48 வோல்ட் பேட்டரியில் 13 செல்கள், அதன் சார்ஜரில் 54.6 வோல்ட். பிளக் ஒன்றுபோல இருக்கிறதே என்று இரண்டாவதை முதலாவதில் செருகினால் ஒவ்வொரு செல்லும் 5.46 வோல்ட்டுக்குத் தள்ளப்படும். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் அதைத் தடுக்கலாம். மலிவுப் பேட்டரியில் அந்தக் காவல் எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வண்டியோடு வந்த சார்ஜர் கெட்டால் அதே நிறுவனத்தின் சார்ஜர்தான் வாங்க வேண்டும்.

எங்கே சார்ஜ் போடுவது என்பது அதைவிட முக்கியம். வேலூரிலும் செகந்திராபாத்திலும் உயிரைக் குடித்தது பெரும்பாலும் புகைதான். அபார்ட்மென்ட் செல்லாரில் படிக்கட்டின் அடியில் வண்டியைச் சொருகி, இரவு முழுக்க சார்ஜில் விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. எல்லோரும் தப்பி ஓட வேண்டிய வழி அதுதான். தீப்பிடித்தால் முதலில் புகை ஏறும் கூண்டும் அதுதான். வெளிவாசலுக்கும் படிக்கட்டுக்கும் படுக்கையறைக்கும் தள்ளி, காற்றோட்டமான இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். மதிய வெயிலில் ஓட்டிவந்த பேட்டரியைச் சூடு தணிந்த பிறகே செருகுங்கள். உப்பலோ, இனிப்பு வாடையோ, வழக்கத்தைவிட அதிகச் சூடோ தெரிந்தால் அது திரும்பப் பயன்படுத்தும் பொருள் அல்ல. புகை கிளம்பிவிட்டால் பேட்டரியைத் தூக்கி வெளியே எறிய முயலாமல், எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள்.

இனி கடைக்குப் போகிறவர் அந்த மூன்று ‘வேண்டாம்’களைக் கேட்டுவிட்டு மூன்று ‘வேண்டும்’களைக் கேட்கலாம். இந்த மாடலுக்கான சோதனைச் சான்றின் நகல் வேண்டும். பேட்டரி எந்த வகை, யார் செய்தது என்று பில்லில் எழுதித்தர வேண்டும். இதே பேட்டரிக்கான சார்ஜர் தனியாகக் கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். மூன்றையும் தயங்காமல் கொடுக்கிற கடையில் பேரம் பேசுங்கள். ஸ்பீடு லாக்கை எடுத்துத்தருவதாகச் சொல்லி விற்கிற கடையானால், அவர் விற்பது சைக்கிள் இல்லை, ஆர்.சி. புக் இல்லாத மோட்டார் வாகனம்.